போட்டோவ யாரு பரப்புனாங்கன்னு கேளுங்க டீச்சர்

ஸ்கூல் தொறந்து ஒரு மாசம் ஆச்சுன்னா போதும், எங்க ஊர் பக்கம் எல்லா ஸ்கூல்லயும் ஒரு விழிப்புணர்வு கூட்டம் நடக்கும். பொம்பள பிள்ளைங்கள மட்டும் வேப்பமரத்தடியில வரிசையா உக்கார வச்சி, வந்தவங்களுக்கு சால்வை போத்தி, மைக்க தட்டி தட்டி பாத்துட்டு ஆரம்பிப்பாங்க. டிபி வைக்காதீங்க, இன்ஸ்டால போட்டோ போடாதீங்க, தெரியாதவன் ரிக்வஸ்ட்ட அக்செப்ட் பண்ணாதீங்க, குடும்ப மானம் உங்க கையிலதான் இருக்கு, அப்டின்னு ஒரு மணி நேரம். பசங்க எங்கன்னு கேட்டா கிரவுண்ட்ல. பிஇடி சார் பந்த குடுத்து அனுப்பிட்டாரு, ஏன்னா "இது கேர்ள்ஸ் மேட்டர் மேடம்".

இந்த மாதிரி கூட்டம் நெறைய பாத்துட்டேன், சிலதுல பேசவும் கூப்பிட்டாங்க. எனக்கு இதுல இருக்குற கோவம் என்னன்னா, போட்டோவ எடுக்கறவன், மார்ஃப் பண்றவன், குரூப்ல போடறவன், அத பாத்து சிரிக்கறவன், எல்லாரும் அந்த நேரத்துல கிரவுண்ட்ல ஃபுட்பால் ஆடிக்கிட்டு இருக்கான், யாருக்கு அடி விழப்போகுதோ அவளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வெயில்ல அட்வைஸ். அதவிட மோசம் இன்னொன்னு. அந்த கூட்டத்துல உக்காந்திருந்த நூறு பேர்ல யாருக்காவது ஏற்கனவே ஒருத்தன் மெரட்டிகிட்டு இருந்தான்னு வைங்க, அவ என்ன நெனப்பா? நான்தான் டிபி வச்சேன், நான்தான் அனுப்புனேன், தப்பு என்னுது, இனிமே யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நெனப்பா. கூட்டம் முடிஞ்சி சமோசா டீயோட எல்லாரும் போட்டோ எடுத்து அத எச்எம் குரூப்ல போட்டு, அவ்ளோதான், வேலை முடிஞ்சிது.

நான் முன்னாடி பிளஸ் டூக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவ. இப்போ ரெண்டு மூணு பேர் சேந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துலயும் கூப்பிடற ஸ்கூலுக்கு போயி டீச்சர்ஸோட உக்காந்து பேசறோம். (2019 நவம்பர் வரைக்கும் மூணும் ஒரே மாவட்டம்தான், எங்க பெரியப்பாவ கேட்டா இன்னமும் வடாற்காடுன்னுதான் சொல்வாரு.) பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறது ரெண்டாவதுதான், மொதல்ல டீச்சருங்களுக்கு. ஏன்னா நாங்க ஒரு நாள் வந்துட்டு போயிடுவோம், பிள்ளை யார்கிட்டயாவது வாயத் தொறக்கணும்னா அது தெனம் பாக்கற தமிழ் டீச்சரோ சயின்ஸ் மிஸ்ஸோதான்.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், பெரிய சிட்டில நடக்கறதா மட்டும் நெனைக்காதீங்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் அம்மா ஷூ கம்பெனிக்கு போயிடுவாங்க, காலைல வேன் ஏறுனா சாயந்தரம்தான். அப்பா லாரியிலயோ பெங்களூர்லயோ. வீட்ல ஒரு போன், அது அண்ணன் கையில. பொண்ணு அந்த போன்லதான் ஹோம்ஒர்க் வாங்கணும், அதுலதான் பிரெண்டுகிட்ட பேசணும், அதுலதான் இன்ஸ்டா. அண்ணனோட பிரெண்ட்ஸ் அந்த போன எடுத்து கேலரிய பாக்கறது எல்லாம் சர்வ சாதாரணம், நெறைய போட்டோ வெளிய போற வழியே அதுதான், பொண்ணு யாருக்கும் எதையும் அனுப்பவே இல்ல.

அப்புறம் ஸ்கூல் பேர போட்டு இன்ஸ்டால கன்ஃபெஷன் பேஜ். யார் நடத்தறதுன்னு தெரியாது. "நைன்த் பி ரெண்டாவது பெஞ்ச்" அப்டின்னு ஆரம்பிச்சி பேர் சொல்லாம எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுவாங்க. மார்க் போடுவாங்க பொண்ணுங்களுக்கு, பத்துக்கு எவ்ளோன்னு. ஃபேர்வெல் டேக்கு பொடவ கட்டிகிட்டு எடுத்த போட்டோ, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழால கூட்டத்துல எடுத்த போட்டோ, இதுல இருந்து மொகத்த மட்டும் வெட்டி எடுத்து வேற ஒடம்போட ஒட்டறதுக்கு முன்னாடி ஃபோட்டோஷாப் தெரிஞ்சவன் வேணும், இப்போ ஒரு ஆப் போதும், ஒன்பதாவது படிக்கற பையனே பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்துகிட்டு பண்ணிடறான்.

லவ் பண்றேன்னு சொல்றவன் மொதல்ல கேக்கறது பாஸ்வேர்டு. குடுக்கலன்னா நம்பிக்கை இல்லயான்னு கேப்பான். குடுத்தா தெனம் உள்ள போயி யாரோட பேசுனன்னு பாப்பான். பிள்ளைங்க இத அன்புன்னு நெனச்சிட்டு இருக்காங்க, டீச்சருங்களும் பாதி பேர் "சின்ன பசங்க லவ்வு" ன்னு விட்டுடறாங்க. பிரிஞ்சாதான் தெரியும் கையில என்னெல்லாம் வச்சிருக்கான்னு. ஜாதி வேற வேறயா இருந்தா இன்னும் கெட்டது, ரெண்டு பேர் நிக்கற ஒரு சாதாரண போட்டோ ஸ்டேட்டஸ்ல போனாலே தெரு ரெண்டாயிடும்.

பசங்களுக்கும் நடக்குது, இத யாரும் எண்ணிக்கையிலயே எடுத்துக்கறதில்ல. நல்லா டான்ஸ் ஆடற ஒரு பையன், கொஞ்சம் நளினமா பேசுவான், அவன் ரீல்ஸ் கீழ அவன் கிளாஸ் பசங்களே எழுதியிருந்தத என்னால இங்க எழுத முடியாது. அவன் மிஸ்கிட்ட சொன்னதுக்கு மிஸ் சொன்னது "நீ அந்த மாதிரி ஆடாத". வேப்பமரத்தடில பொண்ணுங்களுக்கு சொன்ன அதே பதில்தான் இவனுக்கும்.

சரி, டீச்சருங்களோட என்ன பண்றோம்னு வரேன். ஸ்லைடு, புரொஜெக்டர் எல்லாம் அப்புறம்தான். ஆரம்பத்துலயே ஆளுக்கு ஒரு துண்டு பேப்பர். "ஒன்பதாவது படிக்கற பொண்ணு லன்ச் பெல் அடிச்சதும் உங்ககிட்ட வந்து, மிஸ் என் போட்டோ ஒருத்தன்கிட்ட இருக்கு, எல்லாருக்கும் அனுப்பிடுவேன்னு சொல்றான்னு சொன்னா, உங்க வாயில இருந்து வர்ற மொத வாக்கியம் என்ன? யோசிக்காம எழுதுங்க, பேர் போட வேணாம்." அவ்ளோதான். பேப்பர கலந்து ஒவ்வொன்னா நான் வாசிப்பேன்.

எந்த ஊருக்கு போனாலும் வர்ற பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நீ ஏன் அனுப்புன. எந்த மாதிரி போட்டோ. வீட்டுக்கு தெரியுமா. போன குடு பாக்கறேன். அழாத மொதல்ல. யார் அவன், எந்த கிளாஸ், எந்த தெரு (தெருவ கேட்டா ஜாதிய கேட்ட மாதிரிதான் எங்க பக்கம்). எப்பவாச்சும் ஒரே ஒருத்தர் எழுதியிருப்பாங்க, "உக்காரும்மா, சாப்டியா"ன்னு. அத வாசிச்சதும் ரூம்ல எல்லாரும் லேசா சிரிப்பாங்க, அப்புறம் சிரிப்பு நின்னுடும்.

அதுக்கு அப்புறம் நடிச்சி பாப்போம். ஆம்பள டீச்சருங்கள பொண்ணா நடிக்க சொல்றது வழக்கம். ஒரு மேத்ஸ் சார், நல்ல கெட்டி மீசை, மொதல்ல எல்லாரையும் சிரிக்க வச்சிகிட்டு துப்பட்டா மாதிரி கர்சீப்ப தோள்ல போட்டுகிட்டு வந்தாரு. எதுத்தாப்புல உக்காந்த மேடம் நெஜமா எப்டி கேப்பாங்களோ அப்டியே கேட்டாங்க, ஏன் அனுப்புன, எப்போ அனுப்புன, எத்தன அனுப்புன, உங்க அப்பாவுக்கு தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியான்னு. சார் நாலாவது கேள்விலயே பேச்ச நிறுத்திட்டாரு. தலைய குனிஞ்சி "ஒன்னும் இல்ல மிஸ், நான் போறேன்"னு எழுந்துட்டாரு, இது ஸ்கிரிப்ட்ல இல்ல. அப்பால டீ குடிக்கும்போது சொல்றாரு, "எனக்கே எழுந்து ஓடணும் போல ஆயிடிச்சி மேடம், நடிப்புதான்னு தெரியும், இருந்தாலும்." நான் ரெண்டு மணி நேரம் பேசியிருந்தா இது வந்திருக்காது.

அப்போ என்ன சொல்லலாம்னு கேப்பாங்க. நான் கைல ரெடியா ஒரு வசனம் குடுக்கறதில்ல, மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும். ஆனா அந்த ரூம்லயே டீச்சருங்க அவங்க பேச்சுல கண்டுபிடிச்சது நல்லா இருக்கும். "நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு." "மெரட்டறது அவன், தப்பு அவன்து." "இப்போ உனக்கு எத நெனச்சி ரொம்ப பயமா இருக்கு?" இந்த கடைசி கேள்விய காட்பாடி பக்கத்துல ஒரு சோஷியல் டீச்சர் சொன்னாங்க, அத நான் எல்லா ஊருக்கும் எடுத்துட்டு போறேன், ஏன்னா பதில் நாம நெனக்கறதா இருக்காது. போட்டோ வெளிய போறதுதான் பயம்னு நாம நெனப்போம், அந்த பிள்ளை சொல்லும் "அண்ணன் அடிப்பான்"னு, இல்லன்னா "படிப்ப நிறுத்திடுவாங்க"ன்னு. எங்க உதவி வேணும்னு அப்போதான் தெரியும்.

2016-ல சேலத்துல நடந்தது நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 21 வயசு பொண்ணு, படத்த மார்ஃப் பண்ணி ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க. குடும்பம் போலீஸ்ல புகார் குடுத்துது, அங்க இழுத்தடிச்சாங்க, மறுபடி படம் வந்துது, அந்த பொண்ணு உயிர விட்டுடிச்சி. லேட் பண்ணதுக்கு அப்போ எஸ்பியே வருத்தம் தெரிவிச்சாரு. "நான் அந்த படங்கள அனுப்பல"ன்னு சொல்றத பெத்தவங்களே நம்பலன்னு அந்த பொண்ணு எழுதி வச்சிருந்தது. இத நான் டீச்சருங்ககிட்ட சொல்றது பயமுறுத்தறதுக்கு இல்ல. அந்த பொண்ணுக்கு வேண்டியிருந்தது ஒருத்தர், நம்புற ஒருத்தர், அவ்ளோதான். நம்பறதுக்கு சைபர் அறிவு ஒன்னும் வேணாம். "எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் தெரியாது மேடம், கம்ப்யூட்டர் டீச்சர அனுப்பறேன்"னு நழுவறவங்ககிட்ட நான் இததான் சொல்வேன்.

இப்போ "போன குடு பாக்கறேன்" விஷயம். இதுல டீச்சருங்க நல்ல மனசோடதான் தப்பான எடத்துக்கு போறாங்க. போட்டோவ பாத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எச்எம்முக்கு அனுப்பி, எச்எம் ரெண்டு சீனியர் டீச்சருக்கு அனுப்பி, சாயந்தரத்துக்குள்ள பதினஞ்சு போன்ல இருக்கும், ஆதாரம்ங்கற பேர்ல. 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளையோட அந்தரங்க படம்னா ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 67பி பிரிவு, எடுக்கறது மட்டும் இல்ல, பரப்பறது, டவுன்லோடு பண்றது எல்லாமே அதுல வருது, மொத தடவைக்கே 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10 லட்சம் வரைக்கும் ஃபைன். குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்கற போக்சோ சட்டமும் தனியா இருக்கு. 2024 ஜனவரில சென்னை ஹைகோர்ட் போன்ல வச்சிருந்தது மட்டும் குற்றம் இல்லன்னு ஒரு கேஸ ரத்து பண்ணிச்சி, அதே வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த தீர்ப்ப மாத்திடிச்சி. அழிக்காம, புகாரும் குடுக்காம வச்சிருக்கறதே பிரச்சினைல கொண்டு போய் விடும். அதனால படத்த டீச்சர் பாக்கவே தேவையில்ல. என்ன மாதிரின்னு பிள்ளை வாயால சொல்றது போதும். அக்கவுண்ட் பேரு, லிங்க், என்னிக்கு எத்தன மணிக்கு, இத ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம். மெரட்டுன சாட் அந்த பிள்ளை போன்லயே இருக்கட்டும், பயத்துல டெலிட் பண்ணிட போறா, பிளாக் பண்ணிட்டு சாட்ட அழிச்சிடாதம்மான்னு சொன்னா போதும்.

மார்ஃப்தானே, நெஜம் இல்லயே, கேஸ் நிக்காதுன்னு ஒரு நெனப்பு இருக்கு டீச்சருங்களுக்கு. நிக்கும். போக்சோ 11-ஆவது பிரிவுல நெஜமான படமோ ஜோடிச்ச படமோ, அத வச்சி குழந்தைய மெரட்டுனாலே பாலியல் துன்புறுத்தல்னு இருக்கு. 2012-லயே எழுதி வச்சிட்டாங்க, ஏஐ எல்லாம் வர்றதுக்கு முன்னாடி.

போக்சோன்னு சொன்ன ஒடனே ரூம்ல காத்து மாறிடும். 19-ஆவது பிரிவு, தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும். சொல்லலன்னா 21-ஆவது பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ஸ்கூல் தலைமைல இருக்கறவங்க, கீழ வேலை செய்றவங்க பண்ணத மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். எல்லாருக்கும் இது தெரியும், ஆனா அரைகுறையா தெரியும், அதனால "எதுக்கு வம்பு, நமக்கு தெரியாத மாதிரியே இருந்துடலாம்"னு போறாங்க. நல்ல எண்ணத்தோட தகவல் குடுத்தவங்க மேல வழக்கு போட முடியாதுன்னு அதே 19-ல இருக்கு, அத யாரும் அவங்களுக்கு சொன்னதே இல்ல.

இதுல எனக்கும் நெஞ்சுல ஒரு உறுத்தல் இருக்கு, அத மறைக்க மாட்டேன். சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கறதாலயே சொல்லாம போற பிள்ளைங்க இருக்காங்க. பதினாறு பதினேழு வயசுல ரெண்டு பேரும் விருப்பப்பட்டு பழகி, நடுவுல ஒரு போட்டோ, அதுக்கும் அதே சட்டம்தான். அதனால டீச்சருங்ககிட்ட நான் வலியுறுத்தறது ஒன்னு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்"னு பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த நாள் போலீஸ் வந்து நின்னா அந்த பிள்ளை ஜென்மத்துக்கும் இன்னொரு பெரியவங்கள நம்பாது. "இது நான் ஒருத்தி வச்சிக்க முடியாதும்மா, ஆனா யார்கிட்ட, எப்போ, என்ன சொல்லப்போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்"னு மொதல்லயே சொல்லிடணும். குழந்தைங்க உதவி எண் 1098-க்கு போன் பண்ணலாம், ஸ்கூல் பிரச்சினைன்னா 14417 இருக்கு, எஸ்பி ஆபீஸ்ல சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கு, ஆன்லைன்ல சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். காசு கேட்டு மெரட்டுனா, காசு போயிருந்தா 1930. காசு குடுத்தா நிறுத்திடுவான்னு மட்டும் நம்பாதீங்க, நிறுத்தவே மாட்டான்.

படத்த எடுக்கறது பத்தி டீச்சருங்களுக்கு சுத்தமா நம்பிக்கை இருக்காது, "நெட்ல போனா போனதுதான் மேடம்"னு பிள்ளைகிட்டயே சொல்றவங்க இருக்காங்க. அப்டி சொல்லாதீங்க ப்ளீஸ். முழுசா எடுக்க முடியும்னு சொல்ல வரல, ஆனா வழி இருக்கு. 18-க்கு கீழன்னா டேக் இட் டவுன்னு ஒரு வெப்சைட், அமெரிக்காவுல காணாம போன, சுரண்டப்பட்ட குழந்தைங்களுக்கான தேசிய மையம் நடத்தறது, 2023-ல வந்துது. 18-க்கு மேலன்னா ஸ்டாப் என்சிஐஐ, அது 2021. ரெண்டுலயும் படத்த யாருக்கும் அனுப்ப வேணாம், அது போன்லயே இருக்கும். அந்த படத்துக்குன்னு ஒரு நம்பர் கோடு மட்டும் உருவாகி போகும், கைரேகை மாதிரின்னு வச்சிக்கோங்க, அந்த திட்டத்துல சேந்திருக்கற கம்பெனிங்க அந்த கோட வச்சி அவங்க தளத்துல அதே படத்த தேடி எடுப்பாங்க, புதுசா ஏத்தவும் விடமாட்டாங்க. பேர் குடுக்க வேணாம். வாட்ஸாப் மாதிரி என்கிரிப்ட் ஆன எடத்துல இது வேலை செய்யாது, அத உண்மையா சொல்லிடணும். அதில்லாம 2021-ல வந்த ஐடி விதிகள்ல, ஒருத்தரோட அந்தரங்க படமோ மார்ஃப் பண்ண படமோ இருக்குன்னு அவங்களே புகார் பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு எழுதியிருந்துது, 2026 பிப்ரவரில அத 2 மணி நேரமா குறைச்சிட்டாங்க. ஒவ்வொரு பெரிய கம்பெனிக்கும் இந்தியாவுல குறைதீர்ப்பு அதிகாரி இருக்கணும். இத போர்டுல எழுதுனா டீச்சருங்க எல்லாரும் போன எடுத்து போட்டோ எடுக்கறாங்க, அந்த நாள்ல அவங்க அதிகமா எடுத்துக்கற நோட்ஸ் இதுதான்.

பசங்க பத்தி இப்போ. கிரவுண்டுக்கு அனுப்புன அந்த பசங்க.

பிஇடி சாரதான் நான் மொதல்ல பிடிப்பேன். ஏன்னா பசங்க யார் பேச்சையாவது கேப்பாங்கன்னா அவர் பேச்சதான். மைதானத்துல அவங்க பேசிக்கற கெட்ட வார்த்தை, பொண்ணுங்க பத்தி அடிக்கற கமெண்ட், எல்லாம் அவர் காதுல விழுந்துகிட்டேதான் இருக்கும், "வயசு அப்டி"ன்னு விட்டுடுவாரு. வாலாஜா பக்கத்துல ஒரு பிஇடி சார் மொதல்ல ரொம்ப முறுக்கிகிட்டாரு, "இன்னாங்க மேடம், நாலு அடி குடுத்தா செரியாப்பூடும், இதுக்கு போயி ட்ரைனிங்கா" ன்னு. அவர்கிட்ட ஒன்னு கேட்டேன், உங்க டீம் பசங்க குரூப்ல ஒரு போட்டோ வருது, முப்பது பேர் இருக்கான், அனுப்புனது ஒருத்தன், சிரிச்ச எமோஜி போட்டது ஆறு பேர், மிச்சம் இருபத்தி மூணு பேர் என்ன பண்ணான்? சார் ரொம்ப நேரம் யோசிச்சாரு. "பாத்துட்டு சும்மா இருந்திருப்பான்." அதுல ஒருத்தன், கேப்டன்னு வைங்க, "டேய் டெலிட் பண்றா, இவ நம்ம கிளாஸ்தானடா"ன்னு போட்டா? "அடங்கிடுவானுங்க"ன்னாரு. அத சொல்லித்தர்றது உங்க வேலையா என் வேலையான்னு கேட்டேன். அவர் இப்போ பிராக்டிஸ் முடிஞ்சி கால் மணி நேரம் பசங்கள உக்கார வச்சி பேசறாராம், என்ன பேசறாருன்னு எனக்கு முழுசா தெரியாது, கொஞ்சம் பழைய ஆளு, தங்கச்சி அக்கான்னு கூட பேசுவாரு போல. அக்கா தங்கச்சியா இல்லன்னாலும் மரியாதை குடுக்கணும் சார்னு சொல்லியிருக்கேன். மெதுவா வருவாரு.

"நான் சும்மா ஃபார்வர்டுதான் மிஸ் பண்ணேன், எடுத்தது அவன்". இந்த பதில் எல்லா ஸ்கூல்லயும் வரும். இவன்கிட்ட சட்டத்த மட்டும் சொன்னா பயப்படுவான், ரெண்டு வாரத்துல மறந்துடுவான். அந்த பொண்ணு அடுத்த நாள் ஸ்கூலுக்கு எப்டி வந்திருப்பா, பஸ்ல எந்த சீட்ல உக்காந்திருப்பா, கேன்டீன் பக்கம் போயிருப்பாளா, அப்டின்னு ஒரு நாள் முழுக்க அவனையே எழுத சொன்னா வேற மாதிரி போகுது. ஒரு டீச்சர் இத தமிழ் பாடத்துல கடிதம் பயிற்சியா மாத்திட்டாங்க, "பாதிக்கப்பட்ட தோழிக்கு ஆறுதல் கடிதம்", பசங்களும் எழுதணும். கெட்டிக்காரங்க.

டிசி குடுத்து அனுப்பறது பத்தி எனக்கு ரொம்ப கடுப்பு. பையன் பேர் கெடக்கூடாது, ஸ்கூல் பேர் கெடக்கூடாது, அதனால பொண்ணுக்கு டிசி. "அவளுக்கே நல்லது மேடம், புது எடத்துல நிம்மதியா இருப்பா." எங்க நிம்மதியா இருப்பா, அதே பஸ்லதான போவா. பையனுக்கு டிசி குடுத்தாலும் எனக்கு அது தீர்வா தெரியல, அவன் அடுத்த ஸ்கூல்ல இன்னொரு குரூப் ஆரம்பிப்பான். 18-க்கு கீழ இருக்கறவன் மேல புகார் போனாலும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குதான் போவான், அங்க கவுன்சிலிங்குக்கு வழி இருக்கு, ஆனாலும் பொண்ணோட வாயை மூடறதுக்கு "பையன் வாழ்க்கையே போயிடும்"னு ஒரு சாக்கு வச்சிக்கறாங்க.

ஒவ்வொரு ட்ரைனிங்லயும் லன்ச்சுக்கு அப்புறம் ஒரு லேடி டீச்சர் தனியா வருவாங்க. பசங்க விஷயம் இல்ல, அவங்க விஷயம். போர்டுல எழுதும்போது பின்னாடி இருந்து ஜூம் பண்ணி எடுத்து, பாட்டு போட்டு ரீல்ஸா விட்டிருக்கானுங்க, சொந்த ஸ்டூடண்ட்ஸ். புடவை கட்டறவங்களுக்குதான் அதிகம். எத்தனையோ பேர் ஒரு சேஃப்டி பின்னுக்கு பதிலா நாலு குத்திகிட்டு கிளாஸ் எடுக்கறாங்க, கைய தூக்கி போர்டு மேல எழுதறதே விட்டுட்டாங்க. சுடிதார் போடலாம்னு அரசாங்கமே சொன்னாலும் ஸ்டாஃப் ரூம்ல பெருசுங்க விடாது. வீட்ல சொன்னா வேலைய விடுன்னுவாங்க, எச்எம்கிட்ட சொன்னா "நீங்க கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டா இருக்கணும் டீச்சர்". இவங்ககிட்டயே நாம பிள்ளைங்க பயத்த கேளுங்கன்னு சொல்லிட்டு வரோம், அவங்க பயத்த யார் கேட்டா? 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எடத்துல உள்ளகப் புகார் குழு இருக்கணும், ஸ்கூலும் அதுல வரும். நோட்டீஸ் போர்டுல பேர் லிஸ்ட் இருக்கும், அந்த குழு என்னிக்காவது கூடுச்சான்னு கேட்டா சிரிப்பாங்க. அதனால இப்போல்லாம் ட்ரைனிங்ல கால்வாசி நேரம் டீச்சருங்களுக்கு நடந்தத பேசறதுக்குன்னே ஒதுக்கிடறோம், ஆம்பள டீச்சருங்கள வெளிய அனுப்பாம. அவங்களும் கேக்கணும்.

ஸ்டாஃப் ரூம் வாட்ஸாப் குரூப்ப பத்தியும் சொல்லணும். பிள்ளை பேர் அங்கதான் மொதல்ல லீக் ஆகுது. பொள்ளாச்சி கேஸ்ல 2019-ல புகார் குடுத்த பொண்ணோட பேர போலீஸே பிரஸ்ல சொல்லி, அதுக்கு அப்புறம் மதுரை ஹைகோர்ட் கிளை 25 லட்சம் நஷ்டஈடு குடுக்க சொல்லிச்சி, ஞாபகம் இருக்கா? 2025 மே மாசம் ஒன்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள் தண்டனை வந்துது. அங்கயும் வீடியோ எடுத்து மெரட்டுனதுதான். புகார் குடுத்தா பேர் வெளிய வரும்ங்கற பயம் எங்க ஊர் அம்மாக்களுக்கு அந்த செய்திய பாத்து வந்ததுதான், தண்டனை செய்திய பாத்து போகல. எச்எம், ஒரு டீச்சர், அவ்ளோ பேருக்கு மேல பேர் போகக்கூடாதுன்னு நான் ரொம்ப கறாரா இருப்பேன்.

அம்மா அப்பாவ கூப்பிடறது எப்பவும் சிக்கல். எங்க பக்கம் ஒரு போட்டோ வெளிய வந்துதுன்னா அடுத்த முகூர்த்தத்துலயே பொண்ணுக்கு மாமன் மகன பாத்துடுவாங்க, 18 ஆச்சா ஆகலயான்னு கேக்க மாட்டாங்க. ஒரு அம்மா, ஷூ கம்பெனில அப்பர் (ஷூவோட மேல் பாகம்) தைக்கறவங்க, ஷிப்ட் விட்டு ஓடி வந்தாங்க, விஷயத்த சொன்னதும் மொத கேள்வி, "இவ அப்பன்கிட்ட இன்னான்னு மிஸ் சொல்றது?" பொண்ண திட்டவே இல்ல. அந்த ஸ்கூல் டீச்சர் ரொம்ப அழகா கையாண்டாங்க, அப்பாகிட்ட நானே பேசறேன், நீங்க பக்கத்துல இருங்க, பொண்ணு தப்பு பண்ணல, இவளுக்கு ஒருத்தன் தப்பு பண்ணியிருக்கான், அப்டின்னு ஆரம்பிக்கறேன்னாங்க. அந்த பொண்ணு இன்னும் ஸ்கூலுக்கு வருது. எல்லா கதையும் இப்டி முடியல. (ஊர், வேலை எல்லாம் மாத்திதான் எழுதியிருக்கேன், தேடாதீங்க.)

இதெல்லாம் எந்த நேரத்துல பண்றதுன்னு டீச்சருங்க கேக்கறது நியாயமான கேள்வி. எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவேடு) என்ட்ரி போடணும், பயிற்சி, சென்சஸ், எலக்‌ஷன் டூட்டி, இதுக்கு நடுவுல நாங்க வேற. நீதிபோதனை பீரியட்னு ஒன்னு டைம்டேபிள்ல இருக்கு, அத மேத்ஸ் சார் எடுத்துக்குவாரு, இது தமிழ்நாடு பூரா நடக்கறது. ஒரு எச்எம் மேடம் மட்டும் வெள்ளிக்கெழம கடைசி பீரியட எங்களுக்கு குடுத்திருக்காங்க, பசங்க பொண்ணுங்க சேத்து ஒரே ரூம்ல, எட்டு ஒன்பதுக்கு. எடுக்கறது அந்த ஸ்கூல் டீச்சருங்களேதான், நாங்க பின்னாடி பெஞ்ச்ல உக்காந்திருப்போம். பத்தாவத மட்டும் தர மாட்டேங்கறாங்க, பப்ளிக் எக்ஸாமாம். பத்தாவதுலதான்யா பிரச்சினையே அதிகம்னு நான் சொல்லிகிட்டே இருக்கேன், அவங்க ஸ்லிப் டெஸ்ட் ஷெட்யூல எடுத்து காட்டறாங்க. காலாண்டு பரீட்சை முடிஞ்சி ஸ்கூல் தொறந்ததும் மறுபடி போய் கேக்கறதா இருக்கேன்.